"புரிஞ்சிருச்சு சார்!": டியூஷன் எடுக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் படித்த பையன் ஒருவன் போன மாதம் வீட்டுக்கு வந்தான். பி.எட். முடித்துவிட்டு மதுரை வில்லாபுரத்தில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து டியூஷன் தொடங்கப் போகிறானாம். பையைத் திறந்து ட்ரைபாட், ரிங் லைட், காலர் மைக் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

"எல்லாப் பாடத்தையும் வீடியோவாப் போட்டுரலாம்னு இருக்கேன் சார். பசங்க எப்படியும் போன்லதான் கெடக்குறாய்ங்க. அதுலயே பாடத்தையும் குடுத்துருவோம்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2020-ல் இதே பேச்சை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், நான் பேசியிருக்கிறேன்.

செல்லூரில் பதினெட்டு வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சோறு தின்னும்போது போன் பார்க்கக் கூடாது, விடிய விடிய கேம் ஆடக் கூடாது என்பதையெல்லாம் எந்த வீட்டு அப்பத்தாவும் சொல்லிவிடும். நான் எழுத வந்தது, பிள்ளைகள் மேல் அக்கறை உள்ள நாமே செய்கிற தவறுகளைப் பற்றி.

பார்த்தால் படித்த மாதிரி என்று நம்புவது

ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடியதும் 23,000 ரூபாய் செலவழித்தேன். அதில் பாதி என் மச்சினரிடம் வாங்கிய கடன். 64 வீடியோ எடுத்தேன். ஒளியியல் பாடத்தில் குவிலென்ஸுக்குக் கதிர்ப்படம் வரைவதற்கு மட்டும் ஐந்து கலர் பேனா. கீழ்வீட்டுத் தறிச் சத்தம் நிற்கும்வரை காத்திருந்து, ராத்திரி பதினொரு மணிக்குப் பதிவு செய்வேன். பிள்ளைகள் பார்த்தார்கள். "சூப்பர் சார்", "நல்லாப் புரிஞ்சிருச்சு சார்" என்று வரிசையாக மெசேஜ் வந்தது.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு முதல் டெஸ்ட் வைத்தேன். பொருள் 2F-ல், அதாவது குவியதூரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்தில், இருக்கும்போது பிம்பம் எங்கே விழும், படம் வரைக. இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேர் லென்ஸை அழகாக வரைந்து, அச்சுக்கோட்டையும் போட்டு, அதோடு நிறுத்தியிருந்தார்கள். ஒருத்தி கலர் பேனாக்களின் வரிசையைக்கூடச் சரியாக ஞாபகம் வைத்திருந்தாள். கதிர் எங்கே திரும்பும் என்பதுதான் அவளுக்கு வரவில்லை.

எனக்கு வந்த கோபம் முழுக்கப் பிள்ளைகள் மேல். "பார்க்காமலே பார்த்தேன்னு பொய் சொல்லியிருக்கீங்க" என்று கத்தினேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. பார்த்தார்கள், பார்க்கும்போது புரியவும் செய்தது. பார்க்கும்போது புரிவது ஒன்று, கையில் பேனாவோடு வெள்ளைத்தாள் முன்னால் உட்காரும்போது வருவது வேறொன்று.

நம்மூர் ஆளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். மீனாட்சி கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று வளையம் வளையமாகத் தெருக்கள். ஆட்டோவில் உட்கார்ந்து நூறு தடவை சுற்றி வந்தவரை, நீங்களே வண்டியை எடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். தெற்கு மாசி வீதியில் நுழைய வேண்டியவர் தெற்கு ஆவணி மூல வீதியில் நிற்பார். ஒவ்வொரு கடையையும் பார்த்ததும் தெரியும். எந்த மூலையில் திரும்ப வேண்டும் என்பது தெரியாது, ஏனென்றால் அவர் ஒருநாளும் திருப்பியதில்லை. என் வீடியோவில் கதிரைத் திருப்பியவன் நான். பிள்ளைகள் பின்சீட்டில் இருந்தார்கள்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சின்னப் பத்தி. ஒரு வகையில் அதையே திரும்பவும் வாசிக்க வேண்டும், இன்னொரு வகையில் மூடி வைத்துவிட்டு நினைவில் இருப்பதை எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள், 81-க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். வாசித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. அதே ஆய்வின் அடுத்த பகுதியில், வாசித்துக்கொண்டே இருந்தவர்களுக்குத்தான் "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்" என்ற நம்பிக்கை அதிகம். "புரிஞ்சிருச்சு சார்" என்பதை இப்போது நான் ஒரு எச்சரிக்கையாகவே கேட்கிறேன்.

இன்னொன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ராத்திரி ஒரு மணிக்கும் போனை எடுத்துப் பார்ப்பேன். எப்போது தீனி விழும் என்று தெரியாதபடி அமைத்த கூண்டில் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று ஸ்கின்னர் என்ற உளவியலாளர் காட்டினார். ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகும் பிள்ளைகளுக்கு உதாரணமாக இதை எத்தனையோ தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த வருடம் கொத்திக்கொண்டிருந்த புறா நான்தான்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளைக் கொண்டுவரச் சொல்கிறேன். வந்து உட்கார்ந்ததும் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. முந்தின நாள் நடத்தியதில் நினைவில் இருப்பதை அந்தத் தாளின் பின்பக்கம் எழுத வேண்டும். பத்து நிமிடம். பிறகுதான் புத்தகம், விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். முன்பக்கம் தேதி இருப்பதால் ஒரு வாரம் கழித்து அதே பாடத்தைத் திரும்ப எழுதச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ராசிபலன் பார்ப்பதற்குள் தாளைக் கிழித்துவிடுகிறாள் என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தார். முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் முனகுவார்கள். எழுத வராதபோது மண்டை காய்வதுதான் இதில் வேலை என்பதை அவர்கள் ஒத்துக்கொள்ள அவ்வளவு நாள் பிடிக்கும்.

வில்லாபுரத்துத் தம்பியிடம் ட்ரைபாடை விற்கச் சொல்லவில்லை. நாலு நிமிட வீடியோ போடு, கதிர் லென்ஸைத் தொடும் இடத்தில் நிறுத்து, மீதியை அவர்கள் வரைந்து கொண்டுவரட்டும் என்றேன். "அப்டிப் போட்டா யாரும் லைக் போட மாட்டாய்ங்களே சார்" என்றான். போட மாட்டார்கள்தான்.

எல்லாப் பழியையும் போன் மேல் போடுவது

ஒரு பையன் சாயங்கால வகுப்பில் தூங்கித் தூங்கி விழுவான். ராத்திரி போன் பார்க்கிறான் என்று முடிவு கட்டி, அவன் அப்பாவை வரச் சொல்லிப் போனை வாங்கி வைக்கச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டை இறக்க, மூன்று மணிக்கே மகனையும் எழுப்பிக் கூட்டிப்போகிறவர் அவர்தான். பதின்ம வயதில் உடம்புக் கடிகாரமே பின்னால் தள்ளிப்போய், தூக்கம் வரவே நேரமாகும். அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். அவனுக்கு ஐந்துகூடக் கிடைக்கவில்லை. முதலில் கேளுங்கள், அப்புறம் போனைப் பிடுங்கலாம்.

"நீ புத்திசாலிடா" என்று பாராட்டுவது

முல்லர், ட்வெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரைப் "புத்திசாலி" என்றும், சிலரை "நல்லா உழைச்சே" என்றும் பாராட்டினார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்கவிட்டபோது, புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள்தான் சீக்கிரம் துவண்டார்கள். என் வகுப்பிலும் முதல் ராங்க் பையன்தான் தெரியாத கேள்விக்குக் கையைத் தூக்கவே மாட்டான். அந்தப் பட்டத்தை அவனுக்குக் கட்டியதும் நான்தான்.

"இவன் விஷுவல் லேர்னர்"

பார்த்துப் படிப்பவன், கேட்டுப் படிப்பவன் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் நடத்தப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2008-லேயே நான்கு உளவியலாளர்கள் அலசி எழுதிவிட்டார்கள். விட்டுவிடுங்கள்.

ராத்திரி பத்து மணிக்குக் குரூப்பில் ஹோம்வொர்க் அனுப்புவது

போனை எடுக்க வைப்பவரும் நாம், மறுநாள் திட்டுபவரும் நாம்.

மார்க்கைப் பெற்றோர் குரூப்பில் போடுவது

போடாதீர்கள். நான் ஒரே ஒரு தடவை போட்டேன். கடைசி மார்க் எடுத்த பிள்ளை அடுத்த நாள் வரவில்லை. அவள் அப்பா மட்டும் வந்து அந்த மாதப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.