ஏஆர்-15 பஃபரை மாற்றுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

ஏஆர்-15 ரைபிளைச் சுடும்போது தோளில் ஒரே உதை விழுவது போலத் தெரியும். உள்ளே நடப்பது இரண்டு. தோட்டா குழலை விட்டுப் பாயும்போது வருவது முதல் உதை. போல்ட்டைத் தாங்கி முன்னும் பின்னும் ஓடும் போல்ட் கேரியர் பின்னால் ஓடி, ஸ்டாக்குக்குள் (தோளில் வைக்கும் பின்பகுதி) ஸ்பிரிங்கோடு இருக்கும் பஃபர் என்ற எடை தன் ட்யூபின் அடியில் போய் முட்டும்போது வருவது இரண்டாவது. பஃபரை மாற்றினால் குறைவது இந்த இரண்டாவது முட்டல்தான். முதல் உதையை எந்தப் பஃபரும் தொட முடியாது. இது புரிந்துவிட்டால் விளம்பரங்களை நம்பிப் பணத்தை விடமாட்டீர்கள்.

பஃபரைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே எடைக்கட்டிகள் நகரும் சத்தம் கேட்கும். அந்த ஆட்டம் பழுதல்ல. கேரியர் முன்னால் வந்து அடைத்ததும் எடைகள் சற்றுத் தாமதமாக வந்து மோதி, அது திரும்பத் துள்ளாமல் பிடித்துக்கொள்கின்றன. நீட்டிச் சுருக்கும் ஸ்டாக் உள்ள கார்பைன்களில் (குட்டை ரைபிள்களில்) வரும் சாதாரணப் பஃபரில் மூன்று எஃகுக் கட்டிகள் இருக்கும், எடை சுமார் 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம். ஒரு கட்டியை எஃகைவிடக் கனமான டங்ஸ்டனாக மாற்றினால் அது எச் என்ற வகை, சுமார் 3.8 அவுன்ஸ். இரண்டை மாற்றினால் எச்2, சுமார் 4.6. மூன்றையும் மாற்றினால் எச்3, 5.4 அவுன்ஸுக்கு மேல்.

வாங்குவதற்கு முன் இப்போதைய நிலையைக் கவனியுங்கள். சுடும் இடத்தில், குழல் நோக்கும் திசையைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொண்டு, காலிக் கூடுகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். 3, 4 மணிப் பக்கம் விழுந்தால் பெரும்பாலும் எல்லாம் சரி. 1, 2 மணிப் பக்கம் முன்னால் பறந்தால் கேரியர் தேவைக்கு மேல் வேகமாக ஓடுகிறது, கனமான பஃபர் உதவும். 5 மணிப் பக்கம் சோம்பலாக விழுந்தால் கனமானதை நினைக்கவே வேண்டாம். ஒரேயடியாக எச்3-க்குத் தாவாமல் ஒவ்வொரு படியாக ஏறுங்கள் என்பதுதான் என் யோசனை.

அளவிலும் ஏமாறக் கூடாது. கார்பைன் பஃபரின் நீளம் சுமார் 8 செ.மீ., நிலையான ஸ்டாக் உள்ள ரைபிளின் பஃபர் சுமார் 15 செ.மீ. நீண்ட ட்யூபில் குட்டைப் பஃபரைப் போட்டால் கேரியர் அளவுக்கு மீறிப் பின்னால் போய் லோயரில் (ரைபிளின் கீழ்ச்சட்டத்தில்) இடித்து உடைத்துவிடும். ஸ்பிரிங்குகளும் வேறு வேறு.

சரி, வேலைக்கு வருவோம். மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்தி, தோட்டா அமரும் அறையான சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இரண்டாவது முறையும் பாருங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. கண்ணாடி அணியுங்கள், ஸ்பிரிங் தெறித்தால் கண்ணுக்குத்தான் ஆபத்து.

போல்ட்டை முன்னால் விட்டு, மேல், கீழ்ப் பகுதிகளைச் சேர்த்துப் பிடிக்கும் பின்பக்க டேக்டவுன் பின்னைத் தள்ளி ரைபிளைத் திறங்கள். சுத்தியல் பின்னால் மடங்கிய நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பஃபர் வெளியே வரும் வழியில் குறுக்கே நிற்கும். இப்போது பஃபரின் முகத்தைக் கட்டைவிரலால் சற்று உள்ளே அழுத்தி, அதைத் தடுத்து நிற்கும் சிறிய பின்னைக் கீழே அமுக்குங்கள். பிடியை மெல்லத் தளர்த்தினால் பஃபரும் ஸ்பிரிங்கும் சேர்ந்து வெளியே வரும். பட்டென்று விட்டால் பாய்ந்துவிடும், கையை எடுக்காதீர்கள்.

ஸ்பிரிங்கைத் திருகியபடி பழைய பஃபரிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டுங்கள். ட்யூபின் உட்புறத்தைத் துடைத்து, ஸ்பிரிங்கில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். ஸ்பிரிங் முதலில் ட்யூபுக்குள் போக, பின்னைத் தாண்டும் வரை பஃபரை உள்ளே தள்ளுங்கள். பின் மேலே எழுந்து பஃபரைப் பிடித்ததும் ரைபிளை மூடுங்கள். அப்புறம் போல்ட்டை இழுக்கும் கைப்பிடியை இழுத்துப் பலமுறை ஓட்டிப் பாருங்கள், எங்கேயும் உராயவோ சிக்கவோ கூடாது.

சோதனையைத்தான் பலர் அவசரமாக முடிக்கிறார்கள். மேகசினில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னால் நின்றால் நல்லது. இதைப் பத்து முறையாவது செய்யுங்கள். நிற்காமல் முன்னால் மூடினாலோ, காலிக் கூடு வெளியேறும் வாயிலிலேயே சிக்கி நின்றாலோ பஃபர் அதிகக் கனம், ஒரு படி இறங்குங்கள். நீங்கள் வழக்கமாகச் சுடும் தோட்டாவில் மிக மென்மையான வகையிலும், குளிர் நாளிலும் இதே சோதனை தேவை, ஏனென்றால் கேரியரைத் தள்ளும் வாயு அழுத்தம் அப்போது குறையும்.

எண்ணெய் நிரப்பிய ஹைட்ராலிக் பஃபர்கள் முட்டலை இன்னும் மென்மையாக்கும், ஆனால் சீல் தேய்ந்தால் கசியும். வேறு ரைபிள்களுக்கு விற்கும் ரப்பர்த் தட்டுகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. அவை கேரியர் ஓடும் தூரத்தைச் சுருக்குவதால் அடுத்த தோட்டாவைப் பிடிக்காமல் போகலாம், நைந்துபோன துண்டுகள் பொறியமைப்பில் சிக்கவும் செய்யும். போட்டிருந்தால் ஒவ்வொரு சுத்தம் செய்தலிலும் எடுத்துப் பாருங்கள்.

பழைய பஃபரைப் பத்திரமாக வையுங்கள். தோட்டா வகையையோ குழலையோ மாற்றும் அன்று அதுவே மீண்டும் சரியானதாக இருக்கக்கூடும்.