குறிச்சொற்களைக் கொண்டு ஒத்த ரசிகர்களைக் கண்டறியும் வினவல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

மார்கழி மாதத்தில் சென்னையின் சபாக்களில் காலை முதல் இரவு வரை கச்சேரிகள் நடக்கும்போதும், துணைக்கு ஆளில்லை என்பதற்காகவே வீட்டில் தங்கிவிடும் ரசிகர்கள் உண்டு. அவர்கள் தமக்குப் பிடித்தவற்றைக் குறிச்சொற்களாகத் தேர்ந்தெடுக்க, ஒத்த ரசனை உள்ளவர்களை முன்னிறுத்தும் செயலி ஒன்றை உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். அதன் உயிர்நாடியான வினவலை, அதாவது தரவுத்தளத்திடம் விவரம் கேட்கும் கட்டளையை, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் எழுதும் முறையை இங்கே காணலாம்.

படி 1: அட்டவணைகளை அமைத்தல்

பயனர் அட்டவணையிலேயே ஒரு நெடுவரிசையை வைத்து, 'வயலின், வீணை, மிருதங்கம்' என்று கமாவால் பிரித்துச் சேமிக்கத் தொடக்கத்தில் எல்லோருக்கும் தோன்றும். நானும் என் முதல் செயலியில் அப்படித்தான் செய்தேன். 'வீணை' என்று தேடியவருக்கு 'ருத்ரவீணை'யைக் குறித்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். சொல்லின் முன்னும் பின்னும் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தேடும்போது வழக்கமான இன்டெக்ஸும் (வரிகளை விரைவாகத் தேட உதவும் அகரவரிசைப் பட்டியல் போன்ற அமைப்பு) உதவாது. ஆகவே மூன்று அட்டவணைகள் தேவை: பயனர்கள், குறிகள், இவ்விரண்டையும் இணைக்கும் பயனர்_குறிகள். மூன்றாவதில் பயனர்_எண், குறி_எண் என்ற இரண்டே நெடுவரிசைகள் போதும். இரண்டையும் சேர்த்துப் பிரைமரி கீயாக, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பாக, வைத்தால், ஒருவர் ஒரே குறியை இருமுறை சேர்க்க முடியாது.

தமிழில் குறிச்சொற்களைச் சேமிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'கொன்னக்கோல்' என்ற சொல்லில் உள்ள ஒகர, ஓகாரக் குறியீடுகளை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியே அடுத்தடுத்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும் தரவுத்தளத்துக்கு அவை வெவ்வேறு சொற்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் கிடைக்கும் இவ்விரு வடிவங்களையும் ஒன்றாக்கும் 'நார்மலைஸ்' என்ற சார்பின் வழியாக அனுப்பிய பிறகே குறியைச் சேமித்தால் இந்தக் குழப்பம் நேராது.

படி 2: பொதுக் குறிகளை எண்ணுதல்

கட்டளைச் சொற்களைக் கீழே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் இட வேண்டும். அட்டவணை, நெடுவரிசைகளின் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். தேடுபவர் நீங்கள், உங்கள் பயனர்_எண் 1 என்று வைத்துக்கொள்வோம்.

செலக்ட் பிறர்.பயனர்_எண், கவுண்ட்(*) ஆஸ் பொது
ஃப்ரம் பயனர்_குறிகள் ஆஸ் நான்
ஜாயின் பயனர்_குறிகள் ஆஸ் பிறர் ஆன் பிறர்.குறி_எண் = நான்.குறி_எண்
வேர் நான்.பயனர்_எண் = 1 அண்ட் பிறர்.பயனர்_எண் <> 1
குரூப் பை பிறர்.பயனர்_எண்
ஆர்டர் பை பொது டெஸ்க்
லிமிட் 10;

ஒரே அட்டவணை இருமுறை வருவதுதான் புதியவர்களைத் தடுமாற வைக்கும் இடம். ஒரு பதிவேட்டின் இரண்டு நகல்களை அருகருகே விரித்து, இடப்பக்கத்தில் உங்கள் வரிகளில் மட்டும் விரலை வைத்து, அதே குறி எண் வலப்பக்கத்தில் வேறு யாரிடம் இருக்கிறது என்று தேடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு பொதுக் குறி. 'குரூப் பை' அவற்றை ஆள்வாரியாகக் கட்டி எண்ணித் தருகிறது. 'வேர்' வரியின் இரண்டாம் பாதியை விட்டுவிட்டால், உங்களோடு மிகவும் ஒத்துப்போகிறவராக நீங்களே முதலிடத்தில் வருவீர்கள்.

குறைந்தது மூன்று குறிகளாவது ஒத்திருக்க வேண்டுமென்றால், 'குரூப் பை' வரிக்குப் பின் 'ஹேவிங் கவுண்ட்(*) >= 3' என்று சேர்த்தால் போதும்.

படி 3: எண்ணிக்கையை விகிதமாக்குதல்

வெறும் எண்ணிக்கையை நம்பி இங்கேயே நின்றுவிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மயிலாப்பூர்ப் பயனர் வயலின், வீணை, மிருதங்கம், கொன்னக்கோல் என நான்கு குறிகளை வைத்திருக்கிறார். பெரம்பூர்ப் பயனரோ கண்ணில் பட்ட 12 குறிகளையும் தேர்ந்தெடுத்தவர்; அவற்றுள் மூன்று ஒத்துப்போகின்றன. தாம்பரம் பயனரிடம் வயலின், வீணை என இரண்டே குறிகள், இரண்டும் ஒத்துப்போகின்றன. எண்ணிக்கைப்படி பெரம்பூர்க்காரர் முந்துகிறார்; ஆனால் மனமார இரண்டை மட்டும் தேர்ந்தவரைப் பின்னுக்குத் தள்ளுவது நியாயமாகாது.

இதற்குத் தீர்வாகப் பால் ஜக்கார்டு என்ற சுவிஸ் தாவரவியலாளர் 1901-இல் ஆல்ப்ஸ் பகுதித் தாவரங்களை ஒப்பிடக் கையாண்ட அளவு நமக்குப் பயன்படுகிறது: பொதுவானவற்றை, இருவரிடமும் உள்ள மொத்த வெவ்வேறு குறிகளால் வகுக்க வேண்டும். பெரம்பூருக்கு 3 / (4 + 12 − 3), அதாவது ஏறத்தாழ 0.23, தாம்பரத்துக்கு 2 / (4 + 2 − 2), அதாவது 0.5. வரிசை மாறிவிடுகிறது.

இதை எழுத, ஒவ்வொருவரிடமும் உள்ள மொத்தக் குறிகளை எண்ணும் துணை வினவல் ஒன்றை, முந்தைய வினவலின் ('லிமிட்' வரி இல்லாத) விடையோடு பயனர்_எண் வழியாக 'ஜாயின்' செய்து, உங்கள் மொத்தத்தையும் அதே துணை வினவலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். போஸ்ட்கிரெஸில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும் என்பதால், 2 / 4 பூஜ்ஜியமாகிவிடும். பொது எண்ணிக்கையை முதலில் 1.0 ஆல் பெருக்கிவிடுங்கள்.

படி 4: வேகம்

பிரைமரி கீயில் பயனர்_எண் முன்னால் இருப்பதால், 'நான்' பக்கத்து வரிகள் விரைவாகக் கிடைக்கும். 'பிறர்' பக்கத்திலோ குறி_எண்ணைக் கொண்டுதான் தேடுகிறோம். அதற்கு குறி_எண், பயனர்_எண் என்ற வரிசையில் இரண்டாவது இன்டெக்ஸ் ஒன்று வேண்டும். ஓர் அட்டவணையின் மதிப்பை இன்னோர் அட்டவணையோடு பிணைக்கும் ஃபாரின் கீயை அமைத்தாலும் போஸ்ட்கிரெஸ் இதைத் தானாக உருவாக்குவதில்லை. வினவலுக்கு முன் 'எக்ஸ்பிளைன் அனலைஸ்' இட்டு இயக்கினால், அது பயன்படுகிறதா என்பது தெரியும். பத்துப் பதினைந்து வரிகளோடு சோதித்துவிட்டு, இன்டெக்ஸ் வேலை செய்யவில்லை என்று கவலைப்பட வேண்டாம். அட்டவணை சிறியதாக இருந்தால், முழுவதையும் படிப்பதே மலிவு என்று தரவுத்தளம் முடிவு செய்துவிடும். சில லட்சம் மாதிரி வரிகளை நிரப்பி, அட்டவணையின் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் 'அனலைஸ்' கட்டளையை ஒருமுறை இயக்கிய பின்னரே சோதித்துப் பாருங்கள்.