முதலில் கஞ்சி, கேள்வி அப்புறம்

கடவுளுடைய அன்பை வீட்டிலும் தெருவிலும் எப்படிக் காட்டுவது என்று எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கிற குழுவில், புதிதாகக் கல்யாணமாகி வந்த பிள்ளைகள் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த வழி யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு அதை விளக்கவே தேவையில்லை. ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் படாமல் ஏழு சீடர்கள் விடியற்காலையில் வருகிறார்கள். கரையில் உயிர்த்த ஆண்டவர் இயேசு நிற்கிறார். அவர் சொன்ன பக்கம் வலையை வீசி 153 பெரிய மீனோடு கரையேறிப் பார்த்தால், அங்கே ஏற்கெனவே கரி நெருப்பில் மீன் வெந்துகொண்டிருக்கிறது, அப்பமும் இருக்கிறது. அவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று தடவை சொன்ன பேதுருவும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். என்மேல் அன்பு இருக்கிறதா என்று ஆண்டவர் அவரிடம் கேட்கத்தான் செய்தார், அதுவும் மூன்று தடவை. ஆனால் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு.

இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

டீசல் காசுகூடத் தேறாமல் வருகிற மனிதரிடம் வாசலில் வைத்து எவ்வளவு கிடைத்தது என்று கேட்க வேண்டாம், ஐஸ் பெட்டியை இறக்கி வைக்கிற சத்தத்திலேயே அது தெரிந்துவிடும். ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் அம்மா பனைமட்டையைச் செருகி அடுப்பை எரியவிட்டு, சுடுகஞ்சியை ஊற்றி, சுட்ட காரல் கருவாட்டை ஓரத்தில் வைத்து, உப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போன அப்பாவின் விரல்களில் கும்பாவின் சூடு ஏறுகிற வரைக்கும் வாயே திறக்கமாட்டார். பாதிக் கஞ்சி இறங்கியதும் அப்பாவே ஆரம்பிப்பார், வலை கிழிந்தது, காற்று மாறியது, கடன் வாங்க வேண்டியிருப்பது எல்லாம் தானாக வரும்.

ஆண்களுக்கும் இதையே சொல்கிறேன். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் முங்குகிறார்கள், அப்படியும் பாறை கிழித்துவிடும். அவர்கள் வீடு திரும்பும்போது இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்காமல் வெந்நீர் போட்டு வையுங்கள். அது ஜெபமாலைக்குக் குறைந்ததில்லை என்றுதான் நான் நம்புகிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் தெருவையே கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், அது முடிகிற நேரத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அரிசி கொடுக்கிறீர்களா, பாத்திரத்தை மூடி, பொழுது சாய்ந்த பிறகு, பின்வாசல் வழியாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று ஆண்டவர் சொன்னதை வாட்ஸப் குழுவில் போட்டோ போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை ஆளைப் பிடித்துக்கொண்டு போன வீட்டுக்குப் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். எங்கே பிடித்தார்கள், எத்தனை பேர் என்று ஆளாளுக்கு அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்காதீர்கள், அவள் அதையே நூறு தடவை சொல்லியிருப்பாள். ஒருவர் சோறாக்குங்கள், ஒருவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போங்கள், எழுதத் தெரிந்தவர் ஆதார் நகலையும் படகுப் பதிவு நகலையும் எடுத்துக்கொண்டு மனுக் கொடுக்கக் கூடப் போங்கள். ஆறுதல் வார்த்தை சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம்.

சரி, இதையெல்லாம் செய்துவிடலாம். பேச்சு வார்த்தை இல்லாத சொந்தக்காரர் வீட்டுப் படி ஏறுவதுதான் கஷ்டம். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு சமாதானமாகு என்று மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. படகுப் பங்கு விஷயத்தில் என் அண்ணனோடு இரண்டு வருஷம் நான் பேசவில்லை. அந்த இரண்டு வருஷமும் ஓரியூருக்குப் போனேன், 1693 பிப்ரவரி 4 அன்று புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) ரத்தம் சிந்திய இடத்துச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துவந்து மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன், நாலு வீடு தள்ளியிருக்கிற அண்ணனைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்படிப் போகிறவர்கள் நியாயம் பேசத் தயாராகிப் போகக் கூடாது. நான் ஒரு சட்டியில் நகரை மீன் குழம்பு கொண்டுபோனேன். அண்ணி வாங்கி உள்ளே வைத்தார், அண்ணன் தலை நிமிரவில்லை, நானும் பங்கைப் பற்றி எதுவும் பேசாமல் வந்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் அவர் மகள் சட்டியைக் கழுவி எடுத்துவந்தாள். உள்ளே ஒரு கை நெத்திலிக் கருவாடு இருந்தது. "அத்தை, அப்பா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு உங்க வீட்டுக்கு வர்றாராம்" என்றாள்.