அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: மனு எங்கே போக வேண்டும்?

கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. இணைப்பு, பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகியவை அதன் பொறுப்பு. சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையான ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் வார்டுகளை அது நடத்துவதில்லை. அந்த நிர்வாகம் மருத்துவமனைத் தலைவரான டீனிடம் இருக்கிறது. அவருக்கு மேலே கீழ்ப்பாக்கத்தில் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம். இதைப் பிரித்துப் பார்க்காமல் மனு போட்டால் நாள்தான் வீணாகும்.

மருத்துவமனைக் கணக்கோ கோப்போ வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 6(1) பிரிவின் கீழ், மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். வெள்ளைத் தாளின் மேல் ஓரத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் பெரும்பாலான மனுக்கள் விழுகின்றன. ‘ஸ்கேன் ஏன் ஓடவில்லை?’ என்றால் விளக்கம் தரக் கடமையில்லை என்று பதில் வரும். ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை ஸ்கேன் கருவியின் பழுதுப் பதிவேட்டு நகல்’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தால் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லையா? அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

உங்கள் சொந்த சிகிச்சைப் பதிவேட்டுக்கு இவ்வளவு சுற்ற வேண்டாம். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி.