பழைய குற்றத் தொடர்களில் ஒரு குணச்சித்திர நடிகரைத் தேடும் முறை

முதலில், அந்நடிகர் அக்காலத்தில் எந்தப் பெயரில் நடித்தார் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அமெரிக்க நடிகர் ஹாரி டீன் ஸ்டான்டன் தொடக்கத்தில் டீன் ஸ்டான்டன் என்றே குறிக்கப்பட்டார் என்பதை அறியாதவர், அவருடைய பல வேடங்களைத் தவறவிடுவார். அடுத்து, 1958 முதல் 1963 வரை ஒளிபரப்பான, நியூயார்க் தெருக்களிலேயே படமாக்கப்பட்ட ‘நேக்கட் சிட்டி’ என்னும் அமெரிக்கக் காவல்துறைத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து தொடங்கலாம்; பின்னாளில் புகழ்பெற்ற நடிகர்களான ராபர்ட் டுவால், டஸ்டின் ஹாஃப்மன் ஆகியோரின் இளமைக்கால நடிப்பு அதில் இருப்பதே போதுமான காரணம். சிறு வேடக்காரர்களின் பெயர்கள் பெரும்பாலும் இறுதியில்தான் வரும் என்பதால் கடைசி நொடி வரை பாருங்கள். பெயரே இடம்பெறாத வேடங்களும் உண்டு. அவற்றில் முகத்தைவிடக் குரலையே நம்புங்கள். ஒப்பனையும் கறுப்பு வெள்ளை ஒளியமைப்பும் முகத்தை மாற்றிவிடும், பேச்சின் ஏற்ற இறக்கமோ எளிதில் மாறுவதில்லை. கண்டறிந்தவற்றை ஒளிபரப்பான தேதியுடனும் அத்தியாயத் தலைப்புடனும் குறித்துவைத்து, அந்த வரிசையிலேயே மீண்டும் ஒருமுறை பாருங்கள்.