தலைப்பிரட்டைகளில் தைராக்சின் வீரியச் சோதனை: தொடங்குபவர்களுக்கு

தைராய்டு சுரப்பியைத் தீனியாகக் கொடுத்தால் தலைப்பிரட்டைகள் காலத்துக்கு முன்பே தவளையாகின்றன என்று குடர்நாட்ச் 1912இலேயே காட்டிவிட்டார். ஹோமியோபதிக்காரர்கள் சொல்வது இதற்கு நேர்மாறு. 1990களில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் எண்ட்லர் குழுவினர், டி30 வீரியத் தைராக்சின் (தைராய்டு சுரக்கும் ஹார்மோனைப் பத்து மடங்கு வீதம் முப்பது முறை நீர்த்துக் குலுக்கிய அளவு), தலைப்பிரட்டை தவளையாகும் உருமாற்றத்தைச் சற்றுத் தாமதப்படுத்துவதாக எழுதினார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மறுத்துப் பேச வேண்டுமானால் சோதனையை ஒழுங்காகச் செய்தாக வேண்டும். விலங்குநல அனுமதி கையில் இருக்கிறது, தலைப்பிரட்டை வளர்க்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. கரைசல். தைராக்சின் வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் மில்லிக்கு 0.1 மில்லிகிராம் வீதம் கரையுங்கள், இது டி4, அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துக் குலுக்குவது ஒரு படி. இப்படி 26 படி போனால் டி30. டி4இல் ஒரு மில்லியில் சுமார் 7.7×10¹⁶ மூலக்கூறுகள் இருக்கும். டி21க்கு வரும்போதே கணக்குப்படி மில்லிக்கு ஒன்றுகூடத் தேறாது. படிக்கொரு புதுக் குப்பி, புது பிப்பெட் முனை. ஒரே குப்பியைக் கவிழ்த்துக் கவிழ்த்து நிரப்பும் முறை வேண்டவே வேண்டாம். சுவரில் ஒட்டிய ஹார்மோன் கூடவே வந்து கணக்கைக் கெடுக்கும்.

2. ஒப்பீடு. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். சாதாரணத் தண்ணீரோடு ஒப்பிட்டால் போதாது. ஹார்மோன் இல்லாத அதே சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலையும் அதே 26 படி, அதே எண்ணிக்கையில் குலுக்கித் தயாரிக்க வேண்டும். குலுக்காத தண்ணீர் மூன்றாவது குழு. நான்காவதுக்கு லிட்டருக்கு 40 மைக்ரோகிராம் அளவில் உண்மையான தைராக்சின். இந்தத் தொட்டிகளில்கூட வேகம் கூடவில்லை என்றால் உங்கள் ஏற்பாட்டிலேயே கோளாறு. டி30 பற்றிப் பேசவே வேண்டாம்.

குப்பிகளுக்கு எண் ஒட்டுவதைச் சோதனையில் கை வைக்காத ஒருவரிடம் விடுங்கள். எது எது என்ற பட்டியல் உறையில் மூடிக் கிடக்கட்டும். கடைசி அளவீடு பதிவாகி, கணக்கு முடிந்த பிறகே உறையைப் பிரிக்க வேண்டும்.

3. தொட்டிகள். நெருக்கமாக வளரும் தலைப்பிரட்டைகள் மெதுவாகவே வளரும். எல்லாத் தொட்டியிலும் ஒரே எண்ணிக்கை, ஒரே தீனி. அலமாரியின் மேல்தட்டு கீழ்த்தட்டைவிடச் சூடாக இருக்கும். தேடும் வேறுபாடு சிறியது என்பதால் ஒரு டிகிரியே அதை விழுங்கிவிடும். தொட்டிகளின் இடத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள்.

ஒரே தொட்டியில் இருபது உயிர் இருந்தாலும் புள்ளியியல் கணக்கில் அது ஒன்றுதான். அவை ஒரே தண்ணீரைப் பகிர்கின்றன. இருபதாக எண்ணினால் எதையும் 'நிரூபித்து' விடலாம்.

4. அளவிடுதல். தலைப்பிரட்டை வளர்ச்சிக்குக் கோஸ்னர் 1960இல் வகுத்த 46 நிலைகளே போதும். பின்னங்கால் விரல்கள் பிரியும் பருவத்தில் மருந்தைத் தொடங்கி, முன்னங்கால் வெளிவரும் 42ஆம் நிலை வரை கவனியுங்கள். முன்னங்கால் முதலில் செவுளை மூடியிருக்கும் தோலுக்கு அடியில் முழங்கை முட்டுகிற புடைப்பாகத் தெரியும். புடைப்பை எண்ணுவதா, தோலை விலக்கிக் கால் வெளியே வந்த பிறகு எண்ணுவதா என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்கிறேன். உருப்பெருக்கிக்குக் கீழே கண்ணால் பார்த்துக் குறிப்பதைவிட, கண்ணாடித் தட்டில் விட்டு அடியிலிருந்து படமெடுத்து இமேஜ்ஜே மென்பொருளில் அளப்பது மேல். சந்தேகம் வந்தால் திரும்பப் பார்க்கலாம்.

பிற்சேர்க்கை: முன்னங்கால் வந்ததும் சில இறந்துவிடுவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பருவத்தில் செவுள்கள் மறைந்து, அவை சுவாசத்துக்கு நுரையீரலை நம்பத் தொடங்குகின்றன. ஏறி உட்காரச் சரிவான கல் இல்லையென்றால் மூழ்கிப்போகும். தீனியும் எடுக்காது, அதனால் அதை நிறுத்திவிடலாம். இறப்புகளைத் தொட்டிவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாக வளர்பவை இறந்து கழிந்தால் மீதியின் சராசரி வேகமாகத் தெரியும்.