ராம், ரோம் இல்லாமலே 6502 நகலைச் சோதிக்க

ராஸ்பெரி பை பிக்கோவிலோ மலிவான எஃப்பிஜிஏ (உள் சுற்றை நாமே அமைக்கக்கூடிய சிப்) பலகையிலோ 1975ஆம் ஆண்டின் 6502 பிராசஸரை உருவாக்குகிறீர்களா? முதல் சோதனைக்கு மெமரி தேவையில்லை. டேட்டா பின்களில் டி7, டி6, டி5, டி3, டி1 ஐந்தையும் 3.3 வோல்ட்டுக்கும், டி4, டி2, டி0 மூன்றையும் கிரவுண்டுக்கும், தலா ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக இணையுங்கள். ஏ15 பின்னிலிருந்து (16 முகவரி பின்களில் மிக உயர்ந்தது) இன்னொரு 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு சிவப்பு எல்இடி. 1 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் அது நொடிக்கு 7 அல்லது 8 முறை மினுக்க வேண்டும்.

இந்த இணைப்பு எப்போதும் ஹெக்ஸ் (16 அடிமான எண்முறை) ஈஏ என்ற மதிப்பையே தரும். 6502க்கு அது "எதுவும் செய்யாதே" என்ற கட்டளை. அதனால் பிராசஸர் அடுத்தடுத்த முகவரிக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் 2 கிளாக் சுழற்சி, ஆக 65,536 முகவரிகளைச் சுற்றிவர 1,31,072 சுழற்சிகள். நேரடி வயர் வேண்டாம்: நகல் தவறுதலாக எழுத முயன்றால் பின் எரிந்துபோகலாம்.

இரட்டிப்பு வேகத்தில் மினுக்கினால் கட்டளையை 1 சுழற்சியில் முடிக்கிறீர்கள், அல்லது டி0, டி1 இடம் மாறி ஈ9 ஆகிவிட்டது (அது 2 பைட் கட்டளை). மினுக்கவே இல்லையென்றால் முதலில் ரீசெட்டைப் பாருங்கள்.

கணக்கீடு, ஃபிளாக் (கணக்கீட்டின் முடிவு நிலையைக் காட்டும் பிட்), எழுதும் சுழற்சி எதையும் இது சோதிக்காது. இசட்80 என்ற இன்னொரு பழைய பிராசஸருக்கு இதே சோதனையில் எல்லா டேட்டா பின்களும் கிரவுண்டுக்குப் போகும்; ஆனால் ரெஃப்ரெஷ் முகவரியும் (மெமரியைப் புதுப்பிக்க அது தானே அனுப்புவது) இடையில் வருவதால் எல்இடியை மட்டும் நம்ப முடியாது.